பினாங்குக் கடலடியில் 31 டன் பாதரசம்

பிறைக்காரர்கள் ஃபெரியில் கடக்கும் இந்தக் கடல், ஜப்பானியர் ஆட்சியில் நீர்மூழ்கிக் கப்பல்களின் வாசலாக இருந்தது. 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் பினாங்கைத் தளமாகக் கொண்டன. இங்கு வர முயன்றவற்றுள் ஒன்று யூ-859.

1944 ஏப்ரல் 4இல் கீல் துறைமுகத்தில் புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஐந்தரை மாதத்துக்கு மேல் பயணம் செய்து பினாங்கை நெருங்கியது. செப்டம்பர் 23இல் பிரிட்டனின் டிரென்சன்ட் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் மூழ்கியது. 47 பேர் இறந்தனர். 20 பேர் பிழைத்தனர்.

பிழைத்தவர்களுள் சிலர் மூழ்கிய கப்பலுக்குள்ளிருந்தே வெளியேறியவர்கள். எப்படி? அங்கு ஆழம் ஏறக்குறைய 50 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டும். மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் மொத்தம் 6. அதாவது 60 செ.மீ. விட்டமுள்ள மூடி ஒன்றை, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் போக, வெளியிலிருந்து சுமார் 14 டன் எடை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த பலசாலியாலும் அதைத் தள்ள முடியாது. வழி ஒன்றுதான்: அறைக்குள் கடல்நீரை விட வேண்டும். உள்ளே எஞ்சிய காற்று நசுங்கி அழுத்தம் சமமானதும் மூடி திறக்கும். கழுத்துவரை நீர் ஏறும்வரை பொறுமையாக நிற்பதுதான் கடினம்!

மேலே வரும்போது இன்னோர் ஆபத்து. பாயில் விதிப்படி, அங்கே நுரையீரலில் இருந்த 1 லிட்டர் காற்று மேற்பரப்பில் 6 லிட்டராக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். விட்டுக்கொண்டே எழ வேண்டும்.

பதினொருவரை டிரென்சன்ட்டே மீட்டது. எதிரி நடமாடும் கடலில் நின்று ஆளெடுப்பது அதற்கும் ஆபத்துதான். மற்றவர்களை ஜப்பானியர் மீட்டனர்.

கப்பலில் ஜப்பானுக்காக 31 டன் பாதரசம் இருந்தது. வெடிகளைத் தூண்டும் சேர்மம் செய்ய அது உதவும். நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி என்பதால் அத்தனையும் 2,280 லிட்டர்தான். கூரைமேல் வைக்கும் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டில் அடங்கிவிடும். 1972இல் அதில் 12 டன் மீட்கப்பட்டுச் சிங்கப்பூர் வந்தது. யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில், போரில் சரணடைந்தாலும் ஜெர்மன் அரசு அழியவில்லை, ஆகவே அரசின் பொருள் அரசுக்கே என்றது உயர்நீதிமன்றம்.

நார்வே கரையருகே 1945இல் மூழ்கிய யூ-864இலும் 67 டன் பாதரசம் இருந்தது. அது துருப்பிடித்த கலன்களிலிருந்து மெல்லக் கசிகிறது. நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக்கினால் மீன்களில் சேரும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அப்பகுதி மீனை உண்ண வேண்டாமென்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்துள்ளனர்.