இரு கடிகாரங்கள்

ஈதர்நெட் வலையில் எந்திரங்கள் குறித்த கணத்தில் இயங்க, அவற்றின் கடிகாரங்கள் ஒத்திருத்தல் வேண்டும். இதற்கென 2002-இல் ஐ.இ.இ.இ. 1588 என்னும் விதிமுறை வந்தது. தலைமைக் கடிகாரம் நேரங்குறித்த செய்தி அனுப்பும்; மற்றது மறுசெய்தி விடுக்கும். போகவர ஆன காலத்தில் பாதியே வழிக்காலம் என்பது கணக்கு.

ஆயின் போக்கும் வரவும் சமம் என்பது வெறும் நம்பிக்கைதானே! ஆய்வுக்கூடத்தில் நான் போகும் வழியில் மட்டும் 200 மீட்டர் கண்ணாடியிழைச் சுருளொன்றைக் கவனியாது சேர்த்துவிட்டேன். இழையில் ஒளிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோசெகண்டு ஆகும். வேறுபாடு 1 மைக்ரோசெகண்டு. கடிகாரம் அதில் பாதி பிந்திற்று. திரையோ இரண்டும் ஒத்துள்ளன என்றே காட்டியது! இரண்டு நாள் வீணாயின. இரு கடிகாரத் துடிப்புகளையும் ஆஸிலோஸ்கோப்பில் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே பிழை புலப்பட்டது. (அந்தக் கருவிக்குச் செல்லும் இரு கம்பிகளும் சம நீளமாய் இருக்கட்டும்.)