செயற்கை நுண்ணறிவும் தேச சுயாதீனமும்

தன் காலில் தான் நிற்றல் ஒருவனுக்குப் பெருமை. அயலாரோடு கூடி வாழ்தலும் அவனுக்கு இன்றியமையாதது. இவ்விரண்டும் முரண்படுவன போலத் தோன்றினும், ஆராயுமிடத்து ஒன்றற்கொன்று துணையாதல் புலனாம். இவ்வுண்மை தேசங்களுக்கும் பொருந்துமோ என்பதைச் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கலையைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுவோம்.

அளவிறந்த எழுத்துக்களையும் படங்களையும் கணினிக்குப் புகட்டி, அவற்றுள் அமைந்த ஒழுங்குகளைக் கண்டு விடையிறுக்குமாறு அதனைப் பயிற்றுதலே இக்கலையாம். இதற்குத் தரவு, கணிக்கும் பொறி, கற்றறிந்த மாந்தர் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் பொறியே பெறுதற்கரியது. அதற்கு உயிராகிய உயர்தரச் சில்லுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் வரையப்பட்டுத் தைவானில் உருப்பெறுகின்றன. அவற்றின்மேல் மிக நுண்ணிய கோடுகளை ஒளியாற் பொறிக்கும் யந்திரத்தை ஆக்குவது நெதர்லாந்து தேசத்து ஏ.எஸ்.எம்.எல். என்னும் ஒரே நிறுவனம். அவ்யந்திரத்தின் கண்ணாடிகளோ ஜெர்மனியிலிருந்து வருவன. ஆகவே, எத்தேசமும் இத்துறையில் முற்றுந் தனித்து நிற்கவில்லை என்பது தெளிவு.

"அங்ஙனமாயின், பிறரையே நம்பியிருத்தல் சாலாதோ?" எனின், சாலாது. கொடுப்பவர் கையை மடக்கவும் கூடும். 2022 அக்டோபரில் அமெரிக்க அரசு உயர்தரச் சில்லுகளைச் சீனாவுக்கு விற்பதைக் கட்டுப்படுத்திற்று. நம் நாடும் இத்தகைய மறுப்பை முன்னரே கண்டதுண்டு. 1980-களின் பிற்பகுதியில் 'கிரே' என்னும் பெருங்கணினியை இந்தியா விலைக்குக் கேட்டது. போர்க்கருவி ஆராய்ச்சிக்கு அது பயன்படுமென ஐயுற்ற அமெரிக்கா, திறன் குறைந்த ஒன்றையே வானிலை ஆராய்ச்சிக்கென நிபந்தனையுடன் நல்கிற்று. அதன் பின்னர், 1988-இல் புனே நகரில் 'சீடாக்' என்னும் நிலையம் தோன்றியது. விஜய் பட்கர் தலைமையில் உழைத்தோர் 1991-இல் 'பரம் 8000' என்னும் பெருங்கணினியை ஆக்கினர்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. அக்கணினியின் சில்லுகள் பிரிட்டனில் ஆனவை. அவற்றைப் பலவாக இணைத்து ஒரே பொறியாக இயக்கும் அறிவே நம்முடையது. ஆதலின், சுயாதீனமாவது எல்லாவற்றையும் தானே செய்தலன்று. ஒருவர் மறுத்தபோது வேறு வழி காணும் அறிவு தன்பால் இருத்தலேயாம்.

இனி, கூட்டுறவின்றி அமையாத பகுதியும் உண்டு. பொய்யுரையும் பொய்ப்படமும் பரப்பும் யந்திரம் எல்லைக்கோட்டை அறியாது. இதனையுணர்ந்தே 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்சிலி பூங்காவில் இந்தியா, சீனா, அமெரிக்கா உள்ளிட்ட 28 தேசங்களும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பிரகடனத்தில் உடன்பட்டன. ஆயின், 2025 பிப்ரவரியில் பிரான்சும் இந்தியாவும் இணைந்து தலைமை வகித்த பாரிஸ் மாநாட்டின் அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையொப்பமிடவில்லை. கூட்டுறவு வேண்டப்படுவது, எனினும் அது உறுதியானதன்று. கூட்டத்தில் ஒருவன் சொல் ஏறவேண்டுமாயின், அவன் தானும் ஏதேனும் கொண்டுவந்தவனாதல் வேண்டும்.

இந்திய அரசு 2024 மார்ச்சில் இக்கலையின் வளர்ச்சிக்கென ஏறக்குறைய 10,372 கோடி ரூபாய்த் திட்டமொன்றை ஏற்றது. பொருள் கொண்டு பொறியை வாங்கலாம். தமிழறிவை எவரிடமிருந்து வாங்குவது? இக்காலப் பெருங்கணினிகள் பயின்ற எழுத்துள் ஆங்கிலமே மிகுதி. நம் ஊர்களின் பேச்சும், உழவர் வழக்கும், கைத்தொழிலாளர் சொல்லும் அவற்றுள் அருகியே உள்ளன. அவற்றைப் பிழையறத் தொகுத்தல் பெரும்பொருள் வேண்டாத பணி. நாமன்றிப் பிறர் செய்யவியலாத பணியுமாம்.

மாணவ நண்பர்காள்! கணிதமும் விஞ்ஞானமும் பயில்வோர் பொறியின் உள்ளியல்பை ஆழக் கற்பீராக. தமிழ் பயில்வோர் மொழிச்செல்வத்தைத் திரட்டுவீராக. இருசாராரும் ஒருங்கு கூடின், நம் தேசம் பிறர் வாயிலில் இரந்து நில்லாது, அவரோடு ஒத்த நிலையில் அமர்ந்து உரையாடும். அறிவுடையார் இருவர் கூடுதலே கூட்டுறவு, அஃதில்லாதது அடைக்கலமேயாகும்.