மோந்தே காசினோ மலைமடம்

இத்தாலி தேசத்தின் தலைநகராகிய உரோமாபுரிக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தூரத்தில் காசினோ என்னும் ஊர் உளது. அவ்வூரின் தலைமேற் கவிந்து நிற்பதுபோல 520 மீட்டர் அளவு உயர்ந்தெழும் குன்றே மோந்தே காசினோ. வளைந்து வளைந்து மேலேறும் சாலை வழியே செல்வோர், லீரி ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் உள்ளங்கையிற் கிடப்பதுபோல் விரியக் காண்பர். இம்மலை பட்ட துன்பத்திற்குக் காரணம் அக்காட்சியே. உரோமாபுரிக்குச் செல்லும் பெருவழி அப்பள்ளத்தாக்கினூடே சென்றது. ஆதலின் மலையைக் கைக்கொண்டவன் வழியையும் கைக்கொண்டவனானான்.

மலையுச்சியிலுள்ள மடம் கி.பி. 529-ஆம் ஆண்டளவில் அர்ச். ஆசீர்வாதப்பரால் நிறுவப்பெற்றது. மேனாட்டுத் துறவிகட்கு வழிகாட்டியாய் அமைந்த விதிநூலை அவர் இயற்றியது இங்கேயே என்பர். தாமஸ் அக்குவினாஸ் சிறுபிராயத்தில் இம்மடத்திற் கல்வி பயின்றார். ஆறாம் நூற்றாண்டில் லொம்பார்தியரும், 883-இல் சாரசீனியரும் இதனை அழித்தனர். 1349-இல் பூகம்பம் இடித்தது. ஒவ்வொரு முறையும் துறவிகள் மீண்டும் கட்டினர்.

1943-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியர் இம்மலைத்தொடரையே அரணாகக் கொண்டு நேசநாட்டுச் சேனையைத் தடுத்து நின்றனர். அதற்கு முன்னரே, ஷ்லேகல், பெக்கர் என்னும் ஜெர்மானியச் சேனாதிகாரிகள் இருவரின் முயற்சியால், மடத்தின் ஏட்டுச்சுவடிகளும் அரும்பொருள்களும் உரோமாபுரிக்கு அகற்றப்பெற்றன. பகைவராலேயே நூல்நிலையம் பிழைத்தது என்பது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1944 ஜனவரி முதல் மே வரை இங்கு நான்கு பெரும்போர்கள் நிகழ்ந்தன. இரண்டாவது போரில் மலையைத் தாக்கும் பொறுப்பு நான்காம் இந்தியப் படைப்பிரிவினிடம் வந்தது. அதன் தலைவர் டக்கர் என்பார், மடத்தின் கட்டடவமைப்பை அறிதல்வேண்டி நேப்பிள்ஸ் நகரத்துப் புத்தகக் கடைகளிற் தேடுவித்து, 1879-ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றைப் பெற்றார். மதில்களின் அடிப்பாகம் பத்தடிக்குக் குறையாத கனமுடையது என்று அந்நூல் கூறிற்று. பகைவர் இன்று உள்ளே இல்லையெனினும் நாளை புகுந்துகொள்ளலாம். ஆதலின் மடத்தைத் தகர்த்தல்வேண்டும், அன்றேல் மலையைத் தாக்காது சுற்றிச் செல்லல்வேண்டும் என்பது அவர் வாதம். மேலதிகாரிகளுள் அமெரிக்கச் சேனாபதி கிளார்க் தகர்ப்பதை விரும்பிலர்; பிரைபர்க் வற்புறுத்தினார்; அலெக்சாந்தர் இசைந்தார்.

பெப்ருவரி 15-ஆம் நாள் விமானங்கள் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்களுள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர் என மதிப்பிடுவர். ஜெர்மானியச் சேனை அப்போது மடத்தினுள் இல்லை. குண்டுவீச்சுக்குப் பின்னரே அவர்கள் இடிபாடுகளுட் புகுந்து, முன்னிருந்ததினும் உறுதியான அரண் பெற்றனர். குண்டுவீச்சும் தரைப்படையின் தாக்குதலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சில குண்டுகள் இந்தியச் சேனையினர் மீதே விழுந்தன. இரண்டிரவு கழித்து மேலேறிய ராஜபுதன வீரரும் கூர்க்கரும் பெருஞ்சேதமுற்று மீண்டனர்.

டக்கரைப் பழித்தல் எளிது. தம் வீரரை அம்மதிலின்கீழ் ஏவவேண்டிய ஒருவர் அங்ஙனம் கேட்டது இயல்பென்றே யான் கருதுகின்றேன். ஆயின் அவர் சுற்றிச் செல்லும் வழியையும் கூறினாரன்றோ? வாதத்தின் ஒரு பாதியை மட்டும் ஏற்று, மறு பாதியைக் கைவிட்டதே பெரும்பிழை. மே மாதத்தில் நேசப்படைகள் பள்ளத்தாக்கிலும் மலைகளிலும் ஒருங்கே பரந்து தாக்கிய பின்னரே அரண் தளர்ந்தது. மே 12-ஆம் நாள் பள்ளத்தாக்கிலுள்ள காரி ஆற்றங்கரையில் எட்டாம் இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்த கமல் ராம் என்னும் பத்தொன்பது பிராயத்தினன் காட்டிய வீரத்திற்கு விக்டோரியா சிலுவை அளிக்கப்பெற்றது. மே 18-இல் போலந்து வீரர் மலையுச்சி ஏறியபோது, காயமுற்ற சிலரையன்றி ஆங்கு எதிர்ப்பாரைக் கண்டிலர்.

இன்று மேலேறுவோர் காண்பது பழைய வடிவிலேயே எழுப்பப்பெற்ற புது மடம். 1964 அக்டோபர் 24-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அதனை அபிஷேகம் செய்தார். வாயிலின்மேல் 'சமாதானம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பொறிக்கப்பட்டுளது. எதிர்ச்சரிவில் போலந்தினரின் கல்லறைத்தோட்டம் தெரியும். மலையின் வடபுறத்திலுள்ள கைரா என்னுமிடத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர் துயில்கின்றனர். ஊருக்கருகில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட காமன்வெல்த் வீரரின் கல்லறைகளுள் நம் தேசத்தாரின் கல்லறைகளும் உள. மடத்தைப் பார்த்தவுடன் மீள்வோர் பலர். அவ்விடங்கட்கும் ஒரு பொழுது ஒதுக்குதல் நலம்.