சென்னை–சிங்கப்பூர்: பயண நேரத்தைச் சரியாகக் கணக்கிட

"ராத்திரி 11.30-க்குக் கிளம்பினா காலையில 6.15-ன்னு போட்டிருக்கே, ஏழு மணி நேரமா உட்கார்ந்தே வரணும்?" முதல் தடவை டிக்கெட் அனுப்பியபோது அம்மா போனில் கேட்டார். முழங்கால் வலி அவருக்கு. அன்றிலிருந்து யாருக்கு டிக்கெட் எடுத்தாலும் கணக்கை எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் தூரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. உயரத்தில் சீராகப் பறக்கும்போது ஜெட் விமானம் மணிக்கு ஏறக்குறைய 850 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்தால் சுமார் 3 மணி 25 நிமிடம். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாக நடப்பவை. அதற்கு 40, 50 நிமிடம் சேருங்கள். நாலேகால் மணி நேரம் வரும். எந்த இரண்டு ஊருக்கும் இதே வழிதான். லண்டன் போன்ற தொலைதூர ஊர் என்றால் காற்றையும் பார்க்க வேண்டும்: மேற்கிலிருந்து வீசும் பலத்த மேல்காற்று போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும்.

அடுத்து கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. 11.30-லிருந்து 6.15 வரை ஆறே முக்கால். இரண்டரையைக் கழித்தால் நாலேகால். திரும்பும்போது கூட்ட வேண்டும்: இரவு 8-க்குக் கிளம்பி 9.45-க்குச் சென்னை என்றால் அதுவும் நாலேகால்தான்.

ஆனால் பெரியவர்களைக் களைப்படைய வைப்பது வானத்தில் போகும் நேரம் மட்டுமல்ல. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவு, பெட்டி, டாக்ஸி என்று ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தாம்பரத்து வீட்டிலிருந்து கிளம்பினாலே வாசலுக்கு வாசல் ஒன்பதரை மணி நேரம். தஞ்சாவூர்க்காரர்கள் சென்னைக்கு வரவே வேண்டாம். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது, சாலைப் பயணம் ஒரு மணி நேரத்தில் முடியும். டிக்கெட் கொஞ்சம் கூடுதல் என்றாலும் பெற்றோருக்கு அதையே எடுங்கள்.

இன்னொரு நாள் கணக்கும் உண்டு: சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருகிறவர்கள், வந்திறங்குவதற்கு முன், அந்த நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், எஸ்ஜி அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

கடைசியாகத் தேதி. இதில்தான் என் சித்தப்பா ஏமாந்தார். டிக்கெட்டில் 12-ஆம் தேதி, 00.45. அவர் 12-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றபோது விமானம் போய் இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. 00.45 என்றால் 11-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்படிப்பட்ட டிக்கெட் என்றால், இப்போதெல்லாம் வீட்டிலிருக்கிற தினசரி காலண்டரில் 11-ஆம் தேதித் தாளில் "இன்று ராத்திரி 8.30-க்கு வண்டி" என்று பேனாவால் எழுதச் சொல்கிறேன். அம்மா எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் எனக்கு நிம்மதி.