வீடும் விடுதலும்

தமிழில் 'வீடு' என்னும் சொல் இருபொருள் உடையது. மக்கள் வாழும் மனை ஒன்று. தளையினின்று உயிர் பெறும் விடுதலை மற்றொன்று. அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள் நான்கினை எண்ணுங்கால் ஈற்றில் நிற்பது பின்னையது. இவ்விரண்டும் 'விடு' என்னும் ஒரே வினையடியாகப் பிறந்தன என்பர் சொல்லாராய்ச்சியாளர். பகலெல்லாம் உழைத்தவன் தன் சுமையை இறக்கி விடும் இடம் வீடு எனக் கொள்ளினும் பொருந்தும். சுமையை விடுதற்குரிய இடமே சுமையாகிவிடின் அதனை வீடு என்றல் எங்ஙனம்? கிறிஸ்தவ நெறி இவ்வினாவிற்கு யாது விடை தருகின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் பெருவழிக்கு அண்மையில் இரும்பை என்னும் சிற்றூர் உளது. திருஞானசம்பந்தர் பாடிய இரும்பைமாகாளம் இதுவே. தமிழகத்தின் பிற ஊர்களிற் போலவே இப்பகுதியிலும் மார்கழித் திங்களின் இறுதிநாளைப் போகி என்பர். அந்நாளில் வீட்டைத் தூய்மை செய்து பழம்பொருள்களைக் களைவது வழக்கம். சொற்கள் சில வழக்கொழிதலும் சில புதியனவாய்த் தோன்றுதலும் வழுவாகா என நன்னூலார் இலக்கணத்திற்கு வகுத்த விதியை, மக்கள் இந்நாளுக்கு உரியதாக்கி வழங்குவதை யாவரும் அறிவர். கிறிஸ்தவ இல்லங்களிலோ கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னரே வெள்ளையடித்தலும் ஒட்டடை நீக்கலும் நிகழும். நாள் வேறாயினும் செயல் ஒன்றே.

எனினும் இத்தூய்மை பெரும்பாலும் பரணை எட்டுவதில்லை. சீர்வரிசையாக வந்து ஒருநாளும் அடுப்பேறாத பித்தளை அண்டா, கைப்பிடி இழந்த வாளி, சுழலாத மின்விசிறி, டிரங்குப் பெட்டியில் உடுப்பாரற்றுக் கிடக்கும் ஆடைகள் ஆகியன ஆண்டுதோறும் துடைக்கப்பெற்று மீண்டும் அவ்விடத்தையே அடைகின்றன. இவற்றை நாம் விடாமைக்குக் காரணம் மூன்று. என்றாவது வேண்டியிருக்கும் என்னும் அச்சம் ஒன்று. பிறர் கண்டு மதிக்க வேண்டும் என்னும் பெருமை ஒன்று. மறைந்தோர் கைப்பட்ட பொருள் என்னும் அன்பு ஒன்று. மூன்றனையும் ஒருதன்மையவாகக் கருதுதல் முறையன்று. பாட்டியார் பயன்படுத்திய வெற்றிலைப் பெட்டி ஒன்று வீட்டிலிருப்பதனால் அறம் குன்றாது. அச்சமும் பெருமையுமே ஆராயத்தக்கன.

அச்சத்தைக் குறித்துக் கிறிஸ்து பெருமான் கூறிய உவமை லூக்கா சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில் உள்ளது. நிலம் மிக விளையக் கண்ட செல்வன் ஒருவன், தன் களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணினான். அவ்விரவிலேயே அவன் உயிர் கேட்கப்பட்டது. அவன் களவு செய்தவனல்லன். பிறரை வருத்தியவனாகவும் கூறப்படவில்லை. விளைவு பெருகியபொழுது தன் களஞ்சியத்தை எண்ணினானேயன்றி அயலானை எண்ணவில்லை என்பதே அவன் குறை. அதே சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தில், இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்று யோவான் ஸ்நானன் போதிக்கின்றான். இனி, ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பின்னர், எஞ்சிய துணிக்கைகளும் வீணாகாதபடி சேர்க்குமாறு பெருமான் சீடரைப் பணித்தார் என்பதும் நோக்கத்தக்கது. குவித்து வைத்தலும் குற்றம், வீணாக்குதலும் குற்றம். ஆதலின் போகித் தீயில் நெகிழியையும் டயரையும் எரித்துக் காற்றினை நஞ்சாக்குவது விடுதல் ஆகாது. பொருள் நம் வீட்டைவிட்டு நீங்கினால் மட்டும் போதாது; அஃது இல்லாதவர் கையை அடைதல் வேண்டும்.

இந்நெறியில் நின்றோர் சிலரைக் காண்போம். 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவில் கண்காணியாராக விளங்கிய பசிலியார், செல்வக் குடியிற் பிறந்தவர். 369ஆம் ஆண்டளவில் அந்நாட்டைப் பஞ்சம் வாட்டியபொழுது அவர் களஞ்சியம் உடையோரிடம் இரந்து பசித்தோர்க்கு உணவளித்தார். பெட்டியிற் பூட்டிய ஆடை ஆடையற்றவனுக்கும், மூலையில் மட்கும் செருப்பு வெறுங்காலனுக்கும் உரியன என்பது அவர்தம் அருளுரைகளின் கருத்து. இக்கருத்தின்படி, கொடுப்பவன் வள்ளலல்லன். பிறர் பொருளை உரியவரிடம் திருப்பித் தருபவனே ஆவன்.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்து, ஆண்டு வருவாய் 30 பவுனாக இருந்தபொழுது 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனை ஈந்தார் என்பர். வருவாய் 60 பவுனாக உயர்ந்த ஆண்டிலும் தம் செலவை 28 பவுனிலேயே நிறுத்தி 32 பவுனை ஈந்தார். 1776ஆம் ஆண்டில் வரி அதிகாரிகள் அவரிடமுள்ள வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் கேட்டனர். இலண்டனில் இரண்டு கரண்டியும் பிரிஸ்டலில் இரண்டு கரண்டியுமே உண்டென்றும், சுற்றிலும் பலர் உணவின்றி இருக்க மேலும் வாங்குவதற்கில்லை என்றும் அவர் விடை விடுத்தார்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1921ஆம் ஆண்டில் மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்துச் செல்வக் குடியினரான மருத்துவர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். கதராடையும் எளிய உணவும் மேற்கொண்டு ஏழை மக்களுக்கு மருத்துவம் செய்தனர். விடுதல் என்பது வறட்டு நோன்பன்று, பிறர்க்குப் பயன்படுவதற்கான வழி என்பதை அவர்கள் வாழ்க்கை விளக்கும்.

நிற்க. கொடுப்பதிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையை அழித்தபின், நாட்டின் பல பகுதிகளினின்றும் பழைய ஆடைகள் வண்டி வண்டியாக வந்தன. கிழிந்தனவும் அழுக்கேறினவும் அவர்க்குப் பொருந்தாதனவும் கலந்திருந்தமையின், அவற்றுட் பல தெருவோரத்தில் குப்பையாய்க் குவிந்து கிடந்தன. தம் உழைப்பால் வாழ்ந்த மீனவ மக்களுக்கு அது துயரின்மேல் இழிவாயிற்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரைகடந்து, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவிற்கு மழை பெய்தபொழுது, வெள்ளத்தின் துன்பம் நம் மாவட்டத்தின் வாயிலுக்கே வந்தது. உடுக்கவும் படுக்கவும் இன்றி நிற்பவர்க்குப் பரணைத் தூய்மை செய்து எஞ்சியதை அனுப்புதல் ஈகையாகுமோ? நாம் உடுக்க நாணுவதைப் பிறர்க்குக் கொடுத்தல் தகாது. கொடுக்கும் ஆடை துவைத்து மடித்ததாக, நம் உடன்பிறந்தார்க்குக் கொடுக்கத் தக்கதாக இருத்தல் வேண்டும். கந்தலைக் கந்தலாகவே கொண்டு கரித்துணியாக்கலாம். உலோகத்தைப் பழைய இரும்புக் கடைக்கு விற்று அப்பணத்தை உதவலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஏழையின் குடிசையில் உடைந்த நாற்காலியும் ஓட்டைக் குடமும் கிடத்தல் பேராசையால் அன்று. மறுமுறை வாங்க இயலாமையால். அவனை நோக்கி 'எளிமையாக வாழ்க' என்பது அறிவுடைமை ஆகாது. விடுதல் என்னும் அறம் மிகுதி உடையார்க்கே உரியது. அன்றியும், அன்னையார் பல்லாண்டு சேர்த்த பாத்திரங்களை அவரைக் கேளாமல் மகன் வழங்கிவிடுவதும் அறமன்று. முதற்கண் அவரவர் தம் பெட்டியைத் திறத்தல் வேண்டும். மாணவராகிய நமக்குப் படித்து முடித்த நூல்களும், அளவு சிறுத்த சட்டைகளும், மூடிக்கிடக்கும் மேசையறைகளும் உள்ளன. நமக்குப் பின் வகுப்பேறும் ஏழை மாணவன் அந்நூல்களுக்காகவே காத்திருத்தல் கூடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மத்தேயு சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில், பெருக்கி அழகுசெய்து வெறுமையாய்க் கிடந்த வீட்டிற்கு, முன்னர் வெளியேறிய தீய ஆவி தன்னினும் கொடிய ஏழு ஆவிகளுடன் திரும்பி வந்ததாகப் பெருமான் கூறுகின்றார். வெறுமை ஒன்றே தூய்மையாகாது. பழம்பொருளை நீக்கிய இடத்தில் புதுப்பொருளை வாங்கி நிரப்பினால் முன்னைய நிலையே மேலாகும். தூய்மையான அறையைக் கண்டு செருக்குறினும் அவ்வாறே. ஒழிந்த இடம் யாருக்கு என்பதே வினா. விருந்தோம்பலைத் திருவள்ளுவர் துறவறத்தில் வைக்காது இல்லறத்தில் வைத்தார். வழிவந்த விருந்தினன் அமர ஒரு பாயும், வெள்ளத்தில் வீடிழந்த அயலான் படுக்க ஓர் அறையும், தனித்திருந்து செபிக்க ஒரு மூலையும் அவ்விடத்தில் அமையுமாயின், நம் மனை அச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே பொருந்திய வீடாகும்.