'அன்னக்கிளி'க்கு முன் இளையராஜா

மாணவர்களே, இளையராஜா பற்றிய வினாவுக்குப் பலர் 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி'யிலிருந்தே விடையைத் தொடங்குகின்றனர். அது அரைவாசி விடைதான்.

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இவர், தமையனார் பாவலர் வரதராசனின் குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். ஆர்மோனியம் வாசித்தார், சிறுவயதில் பெண்குரலில் பாடியதும் இவரே! 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசைக்குறியீடு கற்றார். சலில் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்தார். பின்னர் கன்னட இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷின் உதவியாளரானார். அங்கே, ஒலிப்பதிவு இடைவேளைகளில், தாம் எழுதியவற்றைச் சக கலைஞர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து கேட்பார். இவ்விடயத்தை விடையில் கட்டாயம் சேருங்கள்.

'அன்னக்கிளி'யில் கிராமிய மெட்டும் மேலைத்தேய வாத்தியச் சேர்க்கையும் இணைந்தன. முன்னது பாவலர் குழுவில் ஊறியது. பின்னது சென்னையில் பயின்றது. 2025 மார்ச் 8இல் இவரது சிம்பனியை இலண்டனில் வாசித்தது ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு.