கோழிக்கு ரத்தக் கழிச்சல் ஏன் வருது?



கோழிக்கு வருகிற கழிச்சல் எல்லாம் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெள்ளைக் கழிச்சல் வைரஸால் வருவது. ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் அந்த ஊசி போட்ட கோழிக்கும் ரத்தக் கழிச்சல் வரும். ஏனென்றால் இது ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால் வருது. நாம் படித்த அமீபா மாதிரி இதுவும் ஒரே செல் உயிரிதான். நோயின் பெயர் காக்சிடியோசிஸ்.

இது குடலின் உள்சுவரில் இருக்கும் செல்லுக்குள்ளே புகுந்து பெருகும். செல் வெடிக்கும். அதனால்தான் எச்சத்தில் ரத்தம் வருது. 3 வாரத்திலிருந்து 8 வாரம் வரை உள்ள குஞ்சுகளுக்குத்தான் ரொம்ப ஆபத்து. இறக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடி மூலையில் நிற்கும். போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் 11 குஞ்சில் 7 செத்துப்போச்சு. ஆத்தா கண்ணேறு என்றுதான் சொன்னது. கண்ணேறு இல்லை, பஞ்சாரத்துக்கு அடியில் இருந்த ஈரம்.

எப்படி என்றால், நோய் வந்த கோழியின் எச்சத்தில் முட்டை மாதிரி கூடுகள் ஆயிரக்கணக்கில் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. ஆச்சரியம் என்னவென்றால், புது எச்சத்தில் இருக்கும் கூடு உடனே நோய் தராது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் ஆனால்தான் அது முற்றும். அதைக் கொத்தித் தின்றால் நோய். ஆகவே தினமும் கூட்டி அள்ளி, தரையைக் காய விட்டால் அது முற்றவே முடியாது! சும்மா பினாயில் ஊற்றினால் சாகாது, ஓடு அவ்வளவு கெட்டி. தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் வைத்தால் எச்சம் விழாது, தண்ணியும் சிந்தாது.

ஆட்டுக்குட்டிக்கும் இந்த நோய் வரும். ஆனால் கோழியிடமிருந்து ஒட்டாது, ஆட்டுக்கு வருவது வேறு வகை ஐமீரியா. தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்க விடணும்.

ரத்தம் கண்டால் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணியில் கலந்து வைக்கச் சொல்வார்கள். நோய் வந்த குஞ்சு தீனி எடுக்காது, தண்ணி மட்டும் குடிக்கும். மருந்தைத் தண்ணியில் கலப்பது அதற்காகத்தான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு